நூறு நாள் வேலையும் வயல் கூலியும்: பட்டிமன்றத்தில் எந்த ஆய்வைச் சொல்வது?

மேலூரணி:
காரைக்குடியில் அடுத்த மாதம் பட்டிமன்றம். நூறு நாள் வேலை விவசாயத்தைக் கெடுத்ததா, கூலிக்காரர்களைக் கைதூக்கிவிட்டதா என்பது தலைப்பு. நான் 'கைதூக்கிவிட்டது' அணி. தனியார் கூலி 4.7% ஏறியது என்கிற இம்பர்ட் – பாப் ஆய்வை (2015) வைத்திருக்கிறேன். எதிரணி, கூலியில் பெரிய மாற்றமில்லை என்கிற லாரா சிம்மர்மனின் ஆய்வை எடுக்கப்போகிறார்களாம். ஒரே திட்டத்துக்கு இரண்டு விடை எப்படி வரும்? நான் எதை நம்பிப் பேசுவது?

கண்மாய்க்கரை:
தம்பி, ஆயுதம் கை மாறிக் கிடக்கிறது. ஆள் பஞ்சம் வந்திருந்தால் அது கூலியில்தான் முதலில் தெரியும். கூலி ஏறவில்லை என்று எதிரணி சொன்னால், 'ஆள் கிடைக்கவில்லை' என்கிற அவர்கள் வாதத்தின் வேர் ஆடிவிடும். உங்கள் 4.7% கூலிக்காரருக்கு வரவு, வயல்காரருக்குச் செலவு. அதை அவர்களும் எடுத்து வீசலாம். வீசினால் கணக்குக் கேளுங்கள்: சாகுபடிச் செலவில் பாதி கூலி என்று வைத்தாலும் மொத்தச் செலவு ஏறுவது இரண்டேகால் சதவீதம் சொச்சம்தான்.

விடை மாறுவது ஒப்பிடும் முறையால். திட்டம் 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களிலும் 2007 ஏப்ரலில் இன்னும் 130-லும் 2008 ஏப்ரலில் மீதியிலும் வந்தது. இம்பர்ட், பாப் இருவரும் 2004-05, 2007-08 என்.எஸ்.எஸ். (தேசிய மாதிரி ஆய்வு) கணக்கெடுப்புகளை எடுத்து, முதலில் திட்டம் வந்த 330 மாவட்டங்களில் கூலி எவ்வளவு ஏறியது, பிந்தி வந்தவற்றில் எவ்வளவு என்று பார்த்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் திட்டத்தின் கணக்கில் எழுதினார்கள். ஆனால் முந்திய மாவட்டங்கள் குலுக்கலில் விழுந்தவை அல்ல. விவசாயக் கூலி, ஆள் ஒருவருக்கான விளைச்சல், பட்டியல் சாதி – பழங்குடி மக்கள் விகிதம் ஆகியவற்றைக் கொண்டு திட்டக்குழு போட்டிருந்த பின்தங்கிய மாவட்ட வரிசைதான் அடிப்படை. திட்டத்துக்கு முன்பே இரு பக்கமும் கூலி ஒரே வேகத்தில் போயிருந்தால்தான் இந்தக் கழித்தல் செல்லும். சிம்மர்மன் அந்த வரிசையில், முந்திய மாவட்டங்களையும் பிந்தியவற்றையும் பிரித்த வெட்டுக்கோட்டுக்குச் சற்று மேலும் கீழும் இருந்த மாவட்டங்களை மட்டும் ஒப்பிட்டார். ஒப்பீடு சுத்தம், ஆனால் விடை கோட்டை ஒட்டிய மாவட்டங்களுக்கு மட்டும்தான். நம் சிவகங்கை மாவட்டத்துக்கு அப்படியே பொருந்தும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

செம்மண்:
ஒன்று விட்டுப்போச்சு. அந்த 4.7% ஆண்டு முழுமைக்கும் அல்ல, ஜனவரி – ஜூன் வறட்சி மாதங்களுக்கு. மழைக்காலத்தில் தெளிவான ஏற்றம் கிடையாது. அந்தப் பிரிவினை தென்மேற்குப் பருவமழையை வைத்தது. நம் பக்கம் புழுதி விதைப்பு போட்டு, ஐப்பசி – கார்த்திகையில் களையெடுப்பு, தையில் அறுப்பு. ஆள் தேவைப்படுகிற தை அறுப்பு அவர்கள் கணக்கில் 'வறட்சி'யில் விழுகிறது. களை நேரத்துக்கு ஆள் வரவில்லை என்று சபையில் ஒருவர் எழுந்தால் 4.7%-ஐ நீட்டாதீர்கள், அது அந்த மாதத்து எண் இல்லை.

மேலூரணி:
நன்றி அண்ணே. சிவகங்கைக்கு 2006-லேயே வந்துவிட்டது, புதுக்கோட்டைக்கு 2008-இல்தான். சிவகங்கைப் பக்கத்துப் பள்ளத்தூரையும் புதுக்கோட்டைப் பக்கத்து அரிமளத்தையும் நேருக்கு நேர் வைத்துச் சொன்னால் கைதட்டு விழாதா?

கண்மாய்க்கரை:
கைதட்டு விழும், ஆதாரம் நிற்காது. என்.எஸ்.எஸ். மாதிரியில் ஒரு மாவட்டத்துக்கு விழுவது சொற்ப ஊர்கள். இரண்டே மாவட்டத்தை வைத்தால் எண் காற்றில் ஆடும். தவிர, எல்லை தாண்டி வேலைக்குப் போய் வருகிற இடம் இது. இங்கே கூலி ஏறினால் அங்கேயும் கொஞ்சம் ஏறும். வித்தியாசம் உள்ளதைவிடச் சிறிதாகத் தெரியும்.

இந்தக் கசிவையும் சேர்த்து அளந்தது முரளிதரன், நீஹாஸ், சுக்தங்கர் மூவரும் பழைய ஆந்திராவில் 157 மண்டலங்களில் (நம் ஊர் ஒன்றியம் மாதிரி) செய்த சோதனை. ஸ்மார்ட் கார்டு வழிக் கூலிப் பட்டுவாடா எந்த மண்டலத்துக்கு முதலில் என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. ஏழைக் குடும்ப வருமானம் ஏறியது. ஏற்றத்தில் பெரும்பங்கு திட்டக் கூலியால் அல்ல, திட்டத்துக்கு வெளியே செய்த வேலையால். வெளி வேலையும் குறையவில்லை. உங்கள் அணிக்கு இதுதான் கெட்டியான ஆதாரம். ஒரே எச்சரிக்கை, அது திட்டத்தை ஒழுங்காக நடத்தியதன் பலனை அளந்தது. திட்டமே இல்லாத நிலையோடு ஒப்பிடவில்லை.

அரிமளத்தான்:
எதிரணி மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் வெளியிடும் ஊரகக் கூலிப் பட்டியலைக் காட்டி 'கூலி எங்கேயோ ஏறிப் போய்விட்டது' என்பார்கள். இரண்டு கேள்வி போதும். விலைவாசி ஏற்றத்தைக் கழிக்க, விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீட்டால் வகுத்தீர்களா? 2013 நவம்பரில் வேலை வகைப்பாடே மாறியதே, முன்னதையும் பின்னதையும் ஒரே கோடாக ஒட்டினீர்களா? அந்த ஒட்டுப்போட்ட படம் வாட்ஸ்அப்பில் நிறையச் சுற்றுகிறது.