ஆஸ்ட்ரோசாட் ஹப்பிளை "வென்றதா"? அந்த 1.5 வில்விநாடி என்ன ஆயிற்று?

வடமீன்:
இந்தியாவின் விண்வெளித் தொலைநோக்கியான ஆஸ்ட்ரோசாட்டைப் பற்றி நேற்று அகல்வானம் எழுதிய பதிவில் ஒரு வரி: "நம் ஆஸ்ட்ரோசாட், ஹப்பிளை விடக் கூர்மையாகப் பார்த்து, ஹப்பிள் தவறவிட்ட விண்மீன் பேரடையைக் கண்டுபிடித்தது." படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ஆஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கிக்குப் பிரிதிறன் ஏறக்குறைய 1.5 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்றால் ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு). ஹப்பிளுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. பிரிதிறனில் எண் குறையக் குறையத்தான் கூர்மை கூடும். இருபது ஆண்டுகளாக வானியல் படிக்கிறேன், இப்படி ஒரு தலைகீழ்க் கணக்கைப் பார்த்ததில்லை. அந்த வரியை நீக்க வேண்டும்.

அகல்வானம்:
நீக்க மாட்டேன். 2020 ஆகஸ்டில் நேச்சர் அஸ்ட்ரானமி இதழில் வந்த ஆய்வு அது. புணேயில் இருக்கும் ஐயூகா நிறுவனத்தின் கனக் சாஹா தலைமையிலான குழு செய்தது. 930 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஏயூடிஎஃப்எஸ்01 பேரடையிலிருந்து கிளம்பிய கடும் புற ஊதா ஒளியை ஆஸ்ட்ரோசாட் பிடித்தது. 2016 அக்டோபரில் 28 மணி நேரத்துக்கும் மேல் ஒரே திசையில் பார்த்துச் சேர்த்த ஒளி அது. நம் கருவியின் உணரியில் பின்னணி இரைச்சல் ஹப்பிளின் உணரியை விடக் குறைவு என்பதால்தான் அது முடிந்தது. இதைச் சொன்னால் உங்களுக்கு ஏன் எரிகிறது?

வடமீன்:
எனக்கு எரியவில்லை. கேள்வியை மாற்றாதீர்கள். இரைச்சல் குறைவு என்பது வேறு, கூர்மை என்பது வேறு. நீங்கள் எழுதியது "கூர்மை". 1.5 வில்விநாடி. இன்னொன்று, ஹப்பிள் அந்தப் பேரடையைத் தவறவிடவே இல்லை. ஹப்பிள் பல நாட்கள் உற்றுப் பார்த்து எடுத்த அந்த ஆழ்வெளிப் படத்தில் அது ஏற்கனவே இருக்கிறது. ஆஸ்ட்ரோசாட் புதிதாகக் கண்டது அதிலிருந்து கசிந்த ஒளியை. ஒரு வரியில் இரண்டு பிழை தம்பி.

அகல்வானம்:
முதலில் என்னைத் தம்பி என்று அழைப்பதை நிறுத்துங்கள். உங்கள் வயது எனக்குத் தெரியாது, என் வயது உங்களுக்குத் தெரியாது.

கேலெக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் நாசா அனுப்பிய புற ஊதாத் தொலைநோக்கி, கண்ணாடி 50 சென்டிமீட்டர். அதன் பிரிதிறன் நான்கிலிருந்து ஐந்து வில்விநாடி. நம்முடையது 38 சென்டிமீட்டர்தான், ஆனால் மூன்று மடங்கு கூர்மை. கேலெக்ஸில் ஒரே திட்டாகத் தெரிந்த பேரடைச் சுருளில் தனித்தனி விண்மீன் கொத்துகளை நாம் எண்ணுகிறோம். இது சாதனை இல்லையா?

வடமீன்:
சாதனைதான். அது கேலெக்ஸை வென்ற சாதனை. உங்கள் வரியில் இருந்தது ஹப்பிள். 1.5.

இளவேனில்:
இந்தத் துறைக்கு நான் புதியவள். "கூர்மையாகப் பார்ப்பது" என்று இங்கே நீங்கள் சொல்வது அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டுவதையா, அல்லது மிக மங்கலான ஒன்றைக் கண்டுகொள்வதையா? அதை முதலில் தெளிவாக்கினால் இருவரும் சொல்வது சரியாக இருக்கலாம் என்று தோன்றுகிறது.

கதிர்ப்பொறி:
ஆஸ்ட்ரோசாட் என்றால் உங்கள் எல்லோருக்கும் புற ஊதா மட்டும்தானா? 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி சி30 கொண்டுபோன அந்தச் செயற்கைக்கோளில் எக்ஸ் கதிர்க் கருவிகள் நான்கு இருக்கின்றன. அதைப் பற்றி இங்கே யாரும் வாய் திறப்பதில்லை. லாக்ஸ்பிசி கருவி ஒவ்வொரு போட்டானும் வந்து சேர்ந்த நேரத்தைப் பத்து மைக்ரோவிநாடி நுணுக்கத்தில் குறிக்கிறது. கருந்துளையைச் சுற்றிச் சுழலும் வாயுவின் துடிப்பை அளக்க அதுதான் வேண்டும். ஹப்பிளால் எக்ஸ் கதிரைத் தொடவே முடியாது. பூமியின் காற்றுமண்டலம் கடும் புற ஊதா, எக்ஸ் கதிர் இரண்டையும் தடுத்துவிடுகிறது, எனவே விண்வெளிக்குப் போனால்தான் கிடைக்கும். ஒரே விண்மீனை ஒரே நொடியில் புற ஊதாவிலும் எக்ஸ் கதிரிலும் பார்க்கும் கருவியை விட்டுவிட்டு வில்விநாடிக்குச் சண்டை போடுகிறீர்கள்.

வடமீன்:
எக்ஸ் கதிரில் கூர்மை பற்றிப் பேசினால் உங்களுக்குத்தான் சங்கடம். 1999இல் போன சந்திரா தொலைநோக்கிக்கு அரை வில்விநாடி. ஆஸ்ட்ரோசாட்டின் மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்குச் சுமார் இரண்டு வில்நிமிடம். விநாடி இல்லை, நிமிடம்; அதாவது ஒவ்வொன்றும் அறுபது வில்விநாடி. நீங்கள்தானே இந்தியாவின் எக்ஸ்போசாட் செயற்கைக்கோளை ஏவியபோது "எக்ஸ் கதிர் முனைவாக்கத்தை அளக்கும் முதல் செயற்கைக்கோள்" என்று எழுதியவர்? முனைவாக்கத்தை, அதாவது கதிரின் அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை, அளக்கும் நாசாவின் ஐக்ஸ்பி 2021 டிசம்பரிலேயே போய்விட்டது. அன்றும் நான்தான் திருத்தினேன்.

கதிர்ப்பொறி:
பொய். "இந்தியாவின் முதல்" என்று எழுதினேன். 2024 ஜனவரி 1 அன்று எழுதிய வரி அது, இன்றும் அப்படியே இருக்கிறது. "இந்தியாவின்" என்ற சொல்லை வெட்டிவிட்டு மீதியை நீங்கள் மேற்கோள் காட்டினீர்கள். அதற்கு இன்றுவரை ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. சந்திராவை எடுத்துப் பேசுகிறீர்கள், அது வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கியது என்பதையாவது சொல்லியிருக்கலாம்.

ஏட்டுச்சுவடி:
"எக்ஸ் கதிர்" என்று எழுதுவதை எப்போது விடுவீர்கள்? ஊடுகதிர் என்ற நல்ல சொல் இருக்கிறது. "போட்டான்" வேறு. ஒளியணு என்றால் நாவு சுளுக்கிவிடுமா? அறிவியலைத் தமிழில் பேசுகிறோம் என்று சொல்லிக்கொண்டு பாதியைக் கடன் வாங்கினால் எப்படி?

கதிர்ப்பொறி:
எக்ஸ் கதிர் என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். உங்கள் சொல்லுக்கு விளக்கவுரை எழுத எனக்கு நேரமில்லை.

ஏட்டுச்சுவடி:
புரியாததற்குக் காரணமே உங்களைப் போன்றவர்கள் எழுதாமல் விட்டதுதான்.

அகல்வானம்:
வடமீன் ஐயா, உங்களுக்குக் கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன், பிறகு பேசுங்கள். 38 சென்டிமீட்டர் கண்ணாடியில் 150 நானோமீட்டர் ஒளிக்குக் கோட்பாட்டு எல்லை 0.1 வில்விநாடி அளவுதான். அதாவது கண்ணாடி சிறியதாக இருப்பது காரணமே இல்லை. உணரியும் செயற்கைக்கோளின் ஆட்டமும்தான் அதை 1.5 ஆக்குகின்றன. அந்த ஆட்டத்தைச் சரிசெய்ய நொடிக்கு 29 படச் சட்டங்கள் எடுத்து, ஒவ்வொன்றையும் இம்மியளவு நகர்த்திப் பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம் இதற்குப் பட்ட பாடு உங்களுக்கு ஒரு எண்ணாக மட்டும் தெரிகிறது. பார்வைப்புலம் 28 வில்நிமிடம், ஏறக்குறைய முழுநிலவின் அகலம். ஹப்பிளின் புற ஊதாக் கேமரா ஒரு தடவையில் மூன்று வில்நிமிடம் கூடப் பார்ப்பதில்லை.

இப்படி அகலமாகப் பார்த்ததால்தான் என்ஜிசி 188 என்ற விண்மீன் கொத்தில் ஒரு நீல விண்மீனுக்கு அருகே சூடான துணை விண்மீன் ஒன்று ஒளிந்திருப்பது தெரிந்தது. முதுமையடைய வேண்டிய விண்மீன் ஏன் இளமையாக ஒளிர்கிறது என்ற பழைய கேள்விக்கு, துணையிடமிருந்து பொருளை உறிஞ்சியது என்பதற்கு நேரடிச் சான்று. எனக்கு அதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை.

வடமீன்:
ஆக, 1.5 என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். மிக்க நன்றி. கோட்பாட்டில் 0.1 வருமென்றால் எனக்கென்ன? கையில் வரும் படத்தில் 1.5 தானே. என்ஜிசி 188 பற்றி நான் ஒரு குறையும் சொல்லவில்லை, நல்ல ஆய்வு. கூர்மை பற்றிய வரி மட்டும் தவறு. ஹப்பிளின் கண்ணாடி 2.4 மீட்டர், நம்முடையதை விட ஒளி வாங்கும் பரப்பு 40 மடங்கு. இதையும் மறைத்தீர்கள்.

இளவேனில்:
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மங்கலானதைக் கண்டறிவதையும் "கூர்மை" என்று எடுத்துக்கொள்ளலாமா?

வடமீன்:
1.5 வில்விநாடி என்பது கருத்து இல்லை அம்மா, அளவீடு.

அகல்வானம்:
ஆஸ்ட்ரோசாட்டின் அண்மைப் புற ஊதா (கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அருகிலுள்ள புற ஊதா) அலைவரிசை 2018இலேயே நின்றுவிட்டது. ஐந்தாண்டு ஆயுளுக்கென்று அனுப்பிய கருவி, ஒரு கண் போன பிறகும் மறு கண்ணால் வேலை செய்தது. அந்தக் கருவியைப் பற்றிப் பெருமையாக ஒரு வரி எழுதினால் அளவுகோலை எடுத்து வந்துவிடுகிறீர்கள். நான் என் வரியை மாற்றப் போவதில்லை.

கதிர்ப்பொறி:
வடமீன், 2024 பதிவுக்கு வருத்தம் தெரிவிக்கும்வரை உங்கள் எண்கள் எதையும் நான் நம்பப் போவதில்லை.

வடமீன்:
நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். ஹப்பிள் எடுத்த படத்தையும் ஆஸ்ட்ரோசாட் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாளை இங்கே இடுகிறேன். அந்த வரி அதுவரை நீங்காமல் இருந்தால் ஒவ்வொரு நாளும் இதே எண்ணை எழுதுவேன். 1.5.

ஏட்டுச்சுவடி:
"அலைவரிசை" என்பதும் தவறு, "அலைப்பட்டை" என்பதே சரி. அதையும் நாளை பேசலாம்.