உதவி தேவை: வீட்டுத் தொலைபேசிக் கம்பியில் இணையக் குரலையும் தரவையும் ஒன்றாக அனுப்பிய முந்தைய கண்டுபிடிப்புகள் எவை?

கேள்வி | காப்புரிமை வகுப்பு

அனைவருக்கும் வணக்கம். பொறியியல் மாணவர்களுக்குக் காப்புரிமை ஆவணங்களை வாசிக்கப் பயிற்சி அளித்து வருகிறேன். இப்பருவத்துக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது, 1999ஆம் ஆண்டின் நடுவில் அமெரிக்காவில் விண்ணப்பிக்கப்பட்டு, இப்போது காலம் முடிந்துவிட்ட ஒரு காப்புரிமை. வீட்டுக்குள் வரும் தொலைபேசிக் கம்பிக்கும் சாதாரணத் தொலைபேசிக்கும் நடுவில் வைக்கப்படும் ஒரு பெட்டியை அது விவரிக்கிறது. ஒரே இணைக் கம்பியில் வழக்கமான தொலைபேசி அழைப்பும் கணினித் தரவும் ஒரே நேரத்தில் செல்ல வேண்டும் என்றும், அதே கம்பியில் இணையக் குரல் அழைப்பும் செல்ல வேண்டும் என்றும், இருவகை அழைப்புகளையும் ஒரே தொலைபேசியிலிருந்து பேச முடிய வேண்டும் என்றும் அதன் முதல் உரிமைக்கோரிக்கை கூறுகிறது.

அதற்கு முன் வந்த கண்டுபிடிப்புகள் குரலை மட்டுமோ தரவை மட்டுமோ அனுப்பின என்றும், இரண்டையும் எவரும் சேர்க்கவில்லை என்றும் ஆவணத்தின் பின்னணிப் பகுதி ஒரே பத்தியில் சொல்லிவிட்டுப் போகிறது. இதை அப்படியே நம்பி மாணவர்களுக்குக் கற்பிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தேடத் தொடங்கினால் ஒருபுறம் ஏடிஎஸ்எல் (தொலைபேசிக் கம்பியிலேயே வேக இணையம் தரும் முறை) பிரிப்பான்கள் குவிகின்றன, மறுபுறம் கணினியில் இயங்கும் இணையத் தொலைபேசி மென்பொருள்கள் குவிகின்றன. மூன்று கூறுகளும் சேர்ந்த ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. கிடைப்பவற்றிலும் பெரும்பாலானவை 2000க்குப் பிறகு வந்தவை. எதை முந்தையது என்று கொள்வது, எதைத் தள்ளுவது என்று துறை அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 | செப்புக்கம்பி

வணக்கம் அம்மா. தொலைபேசி நிலையத்தில் நெடுங்காலம் கம்பிப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பெயரை வைத்துத் தேடினால் இந்தக் குழப்பம் தீராது. கிடைக்கும் ஒவ்வொரு ஆவணத்திடமும், கம்பியை எப்படிப் பங்கிடுகிறாய் என்றும், குரல் எந்த இடத்தில் பாக்கெட்டாக, அதாவது இணையத்தில் செல்லும் சிறு தரவுத் துண்டாக, மாறுகிறது என்றும் கேளுங்கள். இவ்விரண்டுக்கும் விடை எழுதினாலே குவியல் தானாகப் பிரிந்துவிடும்.

கம்பியைப் பங்கிடுவது மிகப் பழைய யோசனை. பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் ரிசல்பெர்கே 1880களிலேயே ஒரே கம்பியில் தந்தியையும் தொலைபேசிப் பேச்சையும் ஒருசேர அனுப்பிக் காட்டினார். ஏடிஎஸ்எல் செய்வதும் அலைவரிசையைப் பங்கிடும் அதே வேலைதான். பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்துகொள்கிறது. வீட்டிலிருந்து செல்லும் தரவு ஏறத்தாழ 26 முதல் 138 கிலோஹெர்ட்ஸ் வரையிலும், வீட்டுக்கு வரும் தரவு அதற்கு மேலே 1104 கிலோஹெர்ட்ஸ் வரையிலும் இடம்பிடிக்கின்றன. அமெரிக்கத் தொலைபேசி ஆய்வு நிறுவனமான பெல்கோரில் ஜோசப் லெக்லைடர் 1980களின் இறுதியில் இதற்கு அடித்தளமிட்டார், டி1.413 என்ற அமெரிக்கத் தரம் 1995இல் வந்துவிட்டது. ஆகவே உங்கள் ஆவணத்தின் முதல் கூறு, அதாவது வழக்கமான அழைப்பும் தரவும் ஒரே நேரத்தில் செல்வது, 1999இல் புதுமையே அல்ல.

இன்னொரு வழி, மோடத்துக்குள்ளேயே பிட்டுகளைப் பங்கிடுவது. 1996இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஏற்ற வி.70 தரத்தில், மோடம் குரலைச் சுருக்கி, அதே தொடர்பில் தரவோடு சேர்த்து அனுப்புகிறது. ஜி.729ஏ என்ற குரல் சுருக்கமுறை இதை மனத்தில் வைத்து எளிமையாக்கப்பட்டதுதான். பலர் இதைத்தான் "குரலும் தரவும் சேர்ந்த முதல் சாதனம்" என்று எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் அந்தக் குரல் இணையத்துக்குள் நுழைவதே இல்லை. எதிர்முனையில் இருக்கும் இன்னொரு மோடத்திடம் நேரே போய்ச் சேர்கிறது. எனவே உங்கள் இரண்டாவது கூறுக்கு வி.70ஐக் காட்ட முடியாது.

குரலைப் பாக்கெட்டாக்குவதும் 1999இன் புதுமை அல்ல. டேனி கோஹனும் அவருடன் உழைத்தவர்களும் 1974இல், இணையத்தின் முன்னோடி வலையான ஆர்ப்பாநெட்டில் பேச்சை அனுப்பினார்கள்; அந்த நெறிமுறை 1977இல் ஆர்எஃப்சி என்ற இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் 741ஆம் எண்ணாக வெளிவந்தது. வீட்டு மோடத்திலிருந்து பேசும் அளவுக்கு அதைக் கொண்டுவந்தது, 1995 பிப்ரவரியில் இஸ்ரேலின் வோக்கல்டெக் வெளியிட்ட இன்டர்நெட் போன். இதிலும் ஒரு குறை உண்டு. மோடம் இணையத்தில் இருக்கும்வரை கம்பி அடைபட்டிருக்கும். வெளியிலிருந்து யாராவது அழைத்தால் அவருக்கு எங்கேஜ்டு ஒலிதான் கேட்கும்.

மறுமொழி 2 | மோடம் காலம்

மேலே ஐயா சொன்னதோடு, மோடத்தில் இணையக் குரலும் தரவும் ஒன்றாகப் போனபோது உண்மையில் என்ன நடந்தது என்பதையும் மாணவர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். முந்தைய கண்டுபிடிப்புகள் எந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டின என்பது அப்போதுதான் புரியும்.

நொடிக்கு 28.8 கிலோபிட் வேக மோடத்தை எடுத்துக்கொள்வோம். ஜி.723.1 சுருக்கமுறை 30 மில்லிநொடிக்கு ஒருமுறை 24 பைட் குரலைத் தருகிறது. அதாவது நொடிக்கு ஏறத்தாழ 6.4 கிலோபிட் மட்டுமே. ஆனால் அந்த 24 பைட்டுக்கு ஐபி, யுடிபி, ஆர்டிபி என்ற இணைய நெறிமுறைகளின் தலைப்புகள் (முகவரி முதலிய விவரங்கள்) 40 பைட் சேருகின்றன. சரக்கைவிடச் சாக்கு கனம் என்பதுபோல, 24 பைட் குரல் 64 பைட் பாக்கெட்டாகி, நொடிக்கு 17 கிலோபிட்டை விழுங்கிவிடுகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, 1500 பைட் அளவுள்ள ஒரு தரவுப் பாக்கெட் முன்னால் போய்விட்டால் அது கம்பியைக் கடக்க 0.4 நொடிக்கு மேலாகும் என்பது. அதுவரை குரல் பின்னால் காத்திருக்கும். பேச்சு விட்டுவிட்டுக் கேட்டதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

தலைப்புகளை 2 முதல் 4 பைட்டாகச் சுருக்கும் முறை 1999 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 2508 ஆக வந்தது. பெரிய பாக்கெட்டுகளைத் துண்டாக்கி, நடுவில் குரலை நுழைக்கும் முறை அதே ஆண்டு செப்டம்பரில் ஆர்எஃப்சி 2686 ஆக வந்தது. வீட்டுக் கம்பியில் இணையக் குரலும் தரவும் இடித்துக்கொள்ளாமல் செல்ல வழி சொன்ன ஆவணங்களில் இவ்விரண்டையும் நான் மிக உயர்வாக மதிக்கிறேன். பெட்டிகளின் விளம்பரத் தாள்களைத் தேடுவோர் இவற்றைத் தவறவிடுகிறார்கள்.

மூன்றாவது கூறான "ஒரே தொலைபேசி" என்பதற்கு, 1998 வாக்கில் விற்பனையில் இருந்த அப்ளியோ போன் என்ற பெட்டியைப் பாருங்கள். கணினியே தேவையில்லை. இருவரும் முதலில் வழக்கம்போல் தொலைபேசியில் அழைத்துப் பேசுவார்கள், பிறகு இருவரும் தத்தம் பெட்டியின் பொத்தானை அழுத்துவார்கள், அழைப்பு துண்டிக்கப்படும், இரண்டு பெட்டிகளும் தத்தம் இணையச் சேவைக்கு டயல் செய்து, ஒன்றையொன்று கண்டுபிடித்து, மறுபடி மணியடிக்கும். அதே தொலைபேசியிலேயே பேச்சு இணையம் வழியாகத் தொடரும். குவிக்நெட் நிறுவனத்தின் இன்டர்நெட் லைன்ஜாக் அட்டையிலும் தொலைபேசிக்கு ஒரு துளை, வெளிக் கம்பிக்கு ஒரு துளை என இரண்டும் இருந்தன.

கேள்வி கேட்டவர் | காப்புரிமை வகுப்பு

இருவருக்கும் மிக்க நன்றி ஐயா. அப்ளியோவில் மூன்றாவது கூறு இருக்கிறது, ஆனால் வழக்கமான அழைப்பும் இணைய அழைப்பும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கின்றன. ஒரே நேரத்தில் அல்ல. ஏடிஎஸ்எல்லில் ஒரே நேரம் என்பது இருக்கிறது, ஆனால் ஒரே தொலைபேசி இல்லை. அப்படியானால் பின்னணிப் பகுதி சொல்வது சரியாகிவிடுமா? தேதிகளிலும் எனக்குத் தெளிவில்லை. 1999 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 2508, 1999 நடுவில் விண்ணப்பித்த காப்புரிமைக்கு முந்தையதுதானே?

மறுமொழி 3 | ஆவணத் தேடல்

தேதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் வகுப்பில் அதிகம் சறுக்கும் இடம் இது. 2013 மார்ச் 16க்கு முன் அமெரிக்காவில் விண்ணப்பித்தவற்றுக்குப் பழைய சட்டமே பொருந்தும். அதன்படி, விண்ணப்ப நாளுக்கு ஓராண்டுக்கும் முன்னால் அச்சில் வந்த ஆவணத்தை விண்ணப்பதாரரால் தாண்டவே முடியாது. அந்த ஓராண்டுக்குள் வந்ததாக இருந்தால், தாம் அதற்கும் முன்பே கண்டுபிடித்துவிட்டதைச் சான்றுகளோடு நிறுவி அதைத் தள்ளிவிடலாம். ஆகவே 1999 பிப்ரவரி ஆவணம் பலவீனமான முன்னோடி; 1998 நடுப்பகுதிக்கு முன் வந்த வி.70, டி1.413 போன்றவை வலுவானவை. ஆர்எஃப்சி 2508இன் வரைவுகள் அதற்கு முன்பே சுற்றில் இருந்தன. ஆனால் வரைவுகள் ஆறு மாதத்தில் காலாவதியாகும் இயல்புடையவை என்பதால், அந்நாளில் அவை பொதுமக்களுக்குக் கிடைத்தன என்பதைத் தனியே காட்ட வேண்டும்.

அமெரிக்கக் காப்புரிமைகளுக்கு இன்னொரு விதி உண்டு: அவை பிந்தி வழங்கப்பட்டாலும், விண்ணப்பித்த நாளிலிருந்தே முன்னோடியாகக் கணக்கில் வரும். வோக்கல்டெக்கைச் சேர்ந்த அலோன் கோஹனும் லியோர் ஹராமடியும் பெற்ற 5,825,771 எண்ணுள்ள காப்புரிமை 1998 அக்டோபரில்தான் வழங்கப்பட்டது, ஆனால் விண்ணப்பித்தது 1994 நவம்பரில். வழங்கிய தேதியை மட்டும் வைத்து வடிகட்டினால் இத்தகையவை பின்னுக்குப் போய்விடும். முடிவுகள் 2000க்குப் பிறகே குவிவதற்கு இது ஒரு காரணம்.

மற்றொரு காரணம் தேடுசொற்கள். 1990களின் ஆவணங்களில் "பாக்கெட் வாய்ஸ்", "இன்டர்நெட் டெலிபோனி", "டேட்டா ஓவர் வாய்ஸ்" என்றே எழுதினார்கள். சொற்களை நம்பாமல் வகைப்பாட்டு எண்ணால் தேடுங்கள். எச்04எம் 11/06 என்பது ஒரே கம்பியில் பேச்சும் தரவும் ஒருசேரச் செல்வதற்கான வகை. எச்04எம் 7/006 என்பது இணையம் போன்ற வலைகள் வழியே தொலைபேசுவதற்கான வகை. இரண்டையும் சேர்த்து, விண்ணப்ப நாளை வரம்பாக வைத்துத் தேடினால் குவியல் வெகுவாகச் சுருங்கும். பழைய அமெரிக்க வகைப்பாட்டில் 370/352ஐயும் பாருங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. மூன்று கூறுகளும் ஒரே ஆவணத்தில் இருந்தால்தான் புதுமை இல்லை என்று சொல்ல முடியும். ஆனால் புதுமை இருந்தால் மட்டும் போதாது. துறை அறிந்த ஒருவருக்கு வெளிப்படையாகத் தோன்றாததாகவும் அது இருக்க வேண்டும். தெரிந்த கூறுகளைத் தெரிந்த முறையில் சேர்த்து, எதிர்பார்த்த பலனையே பெறும் சேர்க்கை பெரும்பாலும் வெளிப்படையானதே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007இல் கேஎஸ்ஆர் வழக்கில் கூறியது. ஏடிஎஸ்எல் தரத்தையும் அப்ளியோ போன்ற ஒரு பெட்டியின் வெளியீட்டுத் தேதியுள்ள விவரத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மோடத்துக்குப் பதிலாக ஏடிஎஸ்எல்லைப் பொருத்த ஒருவருக்கு என்ன தடை இருந்திருக்கும் என்று மாணவர்களைக் கேளுங்கள். பின்னணிப் பகுதியில் எழுதியிருப்பது விண்ணப்பதாரரின் வாதம். அதை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மறுமொழி 4 | செப்புக்கம்பி

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நம் சென்னையிலேயே இதற்கு நெருங்கிய உறவுடைய ஒன்று உருவானது என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். சென்னை ஐஐடியின் டெனெட் குழுவும் பன்யன் நெட்வொர்க்ஸும் சேர்ந்து டயாஸ் என்ற அமைப்பை 1990களின் பிற்பகுதியில் உருவாக்கின. பிஎஸ்என்எல்லும் எம்டிஎன்எல்லும் 2000களின் தொடக்கத்தில் அதைப் பயன்படுத்தின. வீட்டில் ஒரு சிறு பெட்டி. அதில் தொலைபேசியும் கணினியும் இணைக்கப்படும். டயல் செய்யாமலே இணையம் எப்போதும் 128 கிலோபிட் வேகத்தில் இருக்கும். தொலைபேசியை எடுத்துப் பேசத் தொடங்கினால் வேகம் 64 கிலோபிட்டாகக் குறையும், இணைப்பு அறுபடாது. பேசி முடித்து வைத்தால் பழைய வேகம் திரும்பிவிடும். நிலையத்தில் இருக்கும் அணுகு முனை, பேச்சை வி5.2 இடைமுகம் வழியே தொலைபேசி நிலையத்துக்கும், தரவை இணையத் திசைவிக்கும் பிரித்துக் கொடுக்கும்.

உங்கள் மூன்று கூறுகளில் இது எவற்றை நிறைவாக்குகிறது என்று கவனியுங்கள். வழக்கமான அழைப்பும் தரவும் ஒரே நேரத்தில் செல்கின்றன. முதல் கூறு நிறைவாகிறது. பேச்சு கம்பியில் எண்மமாகவே செல்கிறது, ஆனாலும் இணையப் பாக்கெட்டாகச் செல்லவில்லை. ஆகவே இரண்டாவது கூறு இல்லை. அந்நாளில் இந்தியாவில் இணையத் தொலைபேசிக்கு அனுமதியும் இல்லை. அது 2002 ஏப்ரல் 1 முதல்தான், அதுவும் வரம்புகளோடு, திறந்துவிடப்பட்டது. சட்டம் வேறாக இருந்திருந்தால் அந்தப் பெட்டியே அடுத்த அடியையும் எடுத்து வைத்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

மறுமொழி 5 | மோடம் காலம்

இன்டர்நெட் கால் வெயிட்டிங்கையும் விட்டுவிட வேண்டாம். கம்பி மோடத்தால் அடைபட்டிருக்கும்போது வெளியிலிருந்து அழைப்பு வந்தால், நிலையம் அதை ஒரு சேவையகத்துக்குத் திருப்பும். கணினித் திரையில் அழைப்பவரின் எண் தோன்றும். விரும்பினால் அதே மோடம் தொடர்பில் இணையக் குரலாக அதை ஏற்றுப் பேசலாம், தரவும் அறுபடாது. இணையக் குரலும் தரவும் ஒரே வீட்டுக் கம்பியில் சேர்ந்த மிகத் தெளிவான எடுத்துக்காட்டு இது. லூசென்ட், என்இசி, கொரியா டெலிகாம் முதலியோரின் செயலாக்கங்களை ஆர்எஃப்சி 2995 விவரிக்கிறது. ஆனால் அது வெளிவந்தது 2000 நவம்பரில். எனவே அதையே முன்னோடியாகக் காட்டாமல், அதில் சொல்லப்படும் நிறுவனங்களின் அதற்கு முந்தைய காப்புரிமை விண்ணப்பங்களைத் தேடுங்கள்.

கேள்வி கேட்டவர் | காப்புரிமை வகுப்பு

வகைப்பாட்டு எண்களை வைத்து, விண்ணப்ப நாளை வரம்பாக்கித் தேடிப் பார்த்தேன். கைக்கு அடங்கும் அளவில் பட்டியல் வந்துவிட்டது. ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு வரிசை, உரிமைக்கோரிக்கையின் ஒவ்வொரு கூறுக்கும் ஒரு பத்தி என அட்டவணை போட்டு, கம்பியைப் பங்கிடும் முறைக்கும் குரல் பாக்கெட்டாகும் இடத்துக்கும் தனிப் பத்திகள் சேர்த்திருக்கிறேன். வி.70, டி1.413, இன்டர்நெட் போன், அப்ளியோ, டயாஸ் ஆகியவற்றை மாணவர்கள் தாங்களே நிரப்பட்டும். கால் வெயிட்டிங் வரிசையில் தேதிப் பத்தியை மட்டும் இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறேன். 1998 நடுப்பகுதிக்கு முந்தைய விண்ணப்பம் ஒன்றை அவர்கள் கண்டெடுத்தால் இங்கேயே தெரிவிக்கிறேன்.