முதல் எஸ்யூவி வாங்கும் சொந்தங்களுக்கு: ரோட்டைத் தாண்டி நின்று பாருங்கள்

மைலேஜ், இன்சூரன்ஸ், லோன் பற்றியெல்லாம் நமக்குள் ஏற்கெனவே நிறையப் பேசியாகிவிட்டது. பெருந்துறையிலிருந்து மிச்சிகன் போயிருக்கும் தம்பி கேட்டிருப்பது வேறு கேள்வி. பட்ஜெட்டுக்குள் நாலு எஸ்யூவி வருகிறதாம், நாலும் நன்றாக உழைக்கிற வண்டிதானாம், பார்க்க எது நன்றாக இருக்கும் என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார். இதில் தயங்க என்ன இருக்கிறதுங்க? ஐந்தாறு வருடம் தவணை கட்டப்போகும் சாமான். குளிர்காலத்தில் விடிந்ததும் பனியைச் சுரண்டிக்கொண்டு அதன் முகத்தில்தான் முழிக்க வேண்டும். பிடிக்காத வண்டியை யாரும் ஒழுங்காகக் கழுவி, நேரத்துக்கு சர்வீஸ் பார்த்து வைத்துக்கொள்வதில்லை.

எங்கள் குடும்பத்துக்கு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை. கனடாவில் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரோடு இருக்கிறேன். சேசிஸ், அதாவது எஞ்சினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம், கம்பெனியிலிருந்து வரும், மேலே பாடி இங்கே கட்டுவது. வேலை முடிந்த வண்டியைப் பெரிய மேஸ்திரி முன்னால் நின்று பார்க்கவே மாட்டார். ரோட்டைத் தாண்டி எதிர்ச் சாரிக்குப் போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மூடிப் பக்கவாட்டில் பார்ப்பார். பாடியின் மேல் விளிம்பு முன்னிருந்து பின்வரை ஒரே கோடாக ஓடுகிறதா, சக்கரத்தின் மேல் பாரம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் பெயிண்டருக்குக் குரல் போகும். "மொகரையப் பெயிண்டர் பாத்துக்குவான். நிக்கற நெலைய எவன் பாத்துக்குவான்?" என்பார். எஸ்யூவி வாங்குகிறவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்.

அமெரிக்காவில் அசிங்கமான எஸ்யூவி என்று பேச்செடுத்தாலே முதலில் வந்து நிற்பது போன்டியாக் ஆஸ்டெக். 2001 மாடலாக வந்து 2005-இல் நின்றுபோனது. ஜெனரல் மோட்டார்ஸ் தன்னிடம் இருந்த மினிவேன் அடித்தளத்தின் மேலேயே அதைக் கட்டியது. அதனால் பாடி உயர்ந்து, அதற்குச் சக்கரம் பற்றாமல், பக்கவாட்டில் வீங்கினாற்போல ஆகிவிட்டது. போதாக்குறைக்குக் கீழே சுற்றிலும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக். ஜனங்கள் திட்டவும், அடுத்த மாடலிலேயே பிளாஸ்டிக்கைப் பாடி நிறத்துக்கு மாற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. எந்த வருடமும் விற்பனை 30,000-ஐத் தொடவில்லை. இத்தனைக்கும் உள்ளே யோசித்துச் செய்த வண்டி. முன்சீட்டு நடுவில் கழற்றி எடுக்கிற ஐஸ் பெட்டி, பின்கதவில் மாட்டிக்கொள்ளக் கூடாரம் என்றெல்லாம் கொடுத்தார்கள். நிற்கிற நிலை கெட்டதால் அத்தனையும் வீணாகப் போனது. எனக்கு அந்த வண்டியை நினைத்தால் வருத்தம்தான்.

2014 ஜீப் செரோக்கி கதை வேறு. மேலே மெல்லிசாக ஒரு விளக்கு, நிஜ ஹெட்லைட் அதற்குக் கீழே தனியாக. அந்த மூஞ்சியைப் பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வண்டி நின்ற விதத்தில் குறையில்லை. 2019 மாடலில் விளக்குகளைச் சேர்த்து வைத்தார்கள், சரியாகிவிட்டது. சுபாரு டிரிபெக்காவும் அப்படித்தான்: 2006 மாடலில் இருந்த மூக்கு 2008 மாடலில் மாறிவிட்டது. பழைய வண்டி தேடுகிறவர்கள் முகம் மாறிய வருடத்தைத் தெரிந்துகொண்டு அதற்குப் பிந்தியதை வாங்குங்கள்.

அழகு என்றால் எனக்கு முதல் இடம் 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவருக்கு. கண்ணாடிக்குக் கீழே நேராக ஓடும் இடுப்புக்கோடு, கூரையைத் தாங்கும் மெல்லிய தூண்கள், நான்கு பக்கமும் பெரிய கண்ணாடி, அளவான சக்கரம். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்திலேயே அதைக் காட்சிக்கு வைத்தார்கள். நம் நாட்டில் 1991-இல் வந்த டாடா சியராவையும் மறக்க முடியாது. பின்சீட்டுப் பக்கவாட்டுக் கண்ணாடி அப்படியே வளைந்து கூரைக்குள் ஏறும். ஒரு காலத்தில் கோவை அவினாசி ரோட்டில் அது போனால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டிலும் அழகைக் கொடுப்பது கண்ணாடி. கண்ணாடி சிறுத்துத் தகரம் பெருத்தால் எந்த வண்டியும் பாரமாகத்தான் தெரியும், உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கும் அடைத்தாற்போல இருக்கும். ஊரிலிருந்து இனிமேல்தான் கிளம்பப் போகிறவர்கள், கோவையில் அதே அவினாசி ரோட்டில் இருக்கும் ஜி.டி. கார் மியூசியத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். பழைய வண்டிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தால் கண் தானாகப் பழகும்.

இன்றைக்குக் குடும்பத்தோடு இருப்பவர்கள் வாங்கக்கூடியதில் கியா டெலுரைடுக்கு என் ஓட்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தயாராகிற வண்டி, 2020 மாடலில் அறிமுகமானது. பெட்டி மாதிரி நேராக நிற்கும், வீண் மடிப்புகள் கிடையாது. 2024 ஹூண்டாய் சாண்டா ஃபே பக்கவாட்டில் அதைவிடவும் நன்றாக இருக்கிறது. பின்னால் போனால் மட்டும் விளக்குகள் பம்பர் உயரத்துக்கு இறங்கி உட்கார்ந்திருக்கும். அது எனக்கு ஒப்பவில்லை. நேரில் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பிஎம்டபிள்யூ எக்ஸ்எம் பற்றிக் கேட்டவருக்கு: காசு இருந்தாலும் வேண்டாம்.

பொள்ளாச்சி அம்மணி ஒருவர் கூரை சரிந்த கூபே எஸ்யூவி பிடித்திருக்கிறது என்கிறார். 2008-இல் பிஎம்டபிள்யூ எக்ஸ்6 பிரபலமாக்கிய வடிவம் அது. படத்தில் அழகு, மறுப்பதற்கில்லை. ஆனால் அம்மா அப்பா ஊரிலிருந்து வரும்போது ஆளுக்கு இரண்டு பெட்டி, அதற்கு மேல் ஊறுகாய், பருப்புப்பொடி என்று கட்டிய அட்டைப்பெட்டி. அந்தச் சரிவுக்குள் அதெல்லாம் அடங்காது. ஏர்போர்ட் பார்க்கிங்கில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டியதுதான். 2016-இல் வந்த டொயோட்டா சி-எச்ஆரில் பின்கதவுக் கைப்பிடி கண்ணாடி ஓரமாக மேலே ஒளிந்திருக்கும். சின்னக் குழந்தைக்கு எட்டவே எட்டாது. பின்சீட்டிலும் இருட்டு. குழந்தை இருக்கிற வீட்டுக்கு இது சரிப்படாதுங்க.

பெரிய ரிம் பற்றியும் சொல்ல வேண்டும். ஷோரூமில் 21 அங்குலச் சக்கரம் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் மிச்சிகனிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் பனி உருகும்போது ரோடெல்லாம் குழி விழும். ரிம் பெருக்கப் பெருக்க டயர் ஓரம் மெலியும், அடி நேராக ரிம்முக்குப் போகும். குளிர்கால டயர் வேறு தனியாக வாங்க வேண்டும், அளவு கூடக் கூட விலையும் கூடும். 18 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் பழைய வண்டி வாங்குகிறவர்கள் கட்டாயம் லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். ரோட்டில் கொட்டுகிற உப்பு மேலே பளபளப்பை விட்டுவிட்டுக் கீழே அரித்துக்கொண்டிருக்கும்.

அப்புறம் நிறம். நம் பக்கத்தில் வெள்ளை வண்டிக்குத்தான் மரியாதை, ஈரோட்டில் கல்யாண மண்டபத்து வாசலைப் பார்த்தாலே தெரியும். டல்லாஸ், துபாய் வெயிலுக்கும் வெள்ளைதான் சரி. பனி ஊரில் வெள்ளை வண்டி சுற்றுப்புறத்தோடு கலந்து எதிரே வருகிறவர் கண்ணுக்குச் சட்டென்று படாது. அங்கே நீலமோ சிவப்போ எடுங்கள். மாஸ்டா சிஎக்ஸ்-5 சிவப்பைப் போல ஆழமான நிறம் வேறெதிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் கீறல் விழுந்தால் அதே நிறத்தைக் கொண்டுவருவது பெயிண்டருக்குப் பெரும்பாடு, செலவும் அதிகம். வெயில் ஊர்க்காரர்கள் சக்கரத்தைச் சுற்றிக் கறுப்புப் பிளாஸ்டிக் அதிகம் உள்ள வண்டியைத் தவிர்த்துவிடுங்கள். சில வருடத்தில் அது வெளுத்துச் சாம்பல் பூத்துவிடும். அந்தப் பிளாஸ்டிக் பாடி நிறத்திலேயே வருகிற டிரிம் (அதே மாடலில் வேறு வகை) இருந்தால், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை, அதையே கேட்டு வாங்குங்கள்.