மூன்று மாதத்தில் விட்ட வேலையை ரெஸ்யூமில் போடலாமா?

திருப்பூர்க்காரன்:
வணக்கம். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாலு வருடம் மெர்ச்சன்டைசராக (பையரின் ஆர்டரை ஷிப்மென்ட் வரை பார்த்துக்கொள்பவர்) இருந்தேன். இந்த ஜனவரியோடு விலகி, பிப்ரவரியில் வேறொரு இடத்தில் சேர்ந்தேன். ஆர்டர் கொடுக்கும் பையரோடு நேரடியாகப் பேசும் வேலை என்று சொல்லித்தான் எடுத்தார்கள். உள்ளே போனால் டையிங் (சாயம் போடுவது), காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்க அழுத்தி எடுப்பது) யூனிட்டுகளுக்கு அலைந்து "துணி எப்போது வரும்" என்று கேட்கும் ஃபாலோ-அப் வேலை. ஏப்ரல் கடைசியில் முறையாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ரிலீவிங் லெட்டர் கையில் இருக்கிறது.

அடுத்த வாரம் ஒரு பையிங் ஹவுஸில் (பையர்களுக்காக இங்கே ஆர்டர்களைக் கவனிக்கும் நிறுவனம்) இன்டர்வியூ. கன்சல்டன்சியில், "அந்த மூணு மாசத்தைத் தூக்கிடுங்க, பழைய கம்பெனியில ஏப்ரல் வரைக்கும் இருந்ததா போட்டுக்கலாம்" என்கிறார்கள். ஆனால் அந்த மூன்று மாதத்துக்கும் பி.எஃப். பிடித்திருக்கிறார்கள். போட்டால் நிலையாக இருக்க மாட்டான் என்று நினைப்பார்களோ, போடாவிட்டால் மாட்டிக்கொள்வேனோ என்று குழப்பமாக இருக்கிறது.

நூல்கண்டு:
மாதம் எதற்கு நண்பரே? வருடத்தை மட்டும் போடுங்கள். நம்ம ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் போடுகிறார்கள்.

கோவை எச்.ஆர்.:
தம்பி, ஆள் எடுக்கும் பக்கத்தில் இருப்பவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரெஸ்யூம் நீங்கள் தேர்ந்தெடுத்து எழுதுவது. அதில் மூன்று மாத வேலையை விட்டுவிட்டால் யாரும் பொய் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் பழைய கம்பெனியின் தேதியை ஏப்ரல் வரை இழுப்பது பொய்தான். அதைச் செய்யவே செய்யாதீர்கள். உங்கள் பி.எஃப்.-க்கான யூ.ஏ.என். 12 இலக்க எண், எத்தனை கம்பெனி மாறினாலும் அதே எண்தான். அதன் சர்வீஸ் ஹிஸ்டரியில் ஒவ்வொரு கம்பெனியிலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் வரிசையாக நிற்கும். வெரிஃபிகேஷன் செய்பவர்கள் பலரும் முதலில் கேட்பதே அதைத்தான். ஜனவரியோடு நின்ற பி.எஃப். ரெஸ்யூமில் ஏப்ரல் வரை ஓடினால், மூன்று மாத வேலைக்காக இல்லை, தேதியை மாற்றியதற்காக ஆஃபரைத் திரும்பப் பெறுவார்கள். கன்சல்டன்சிக்கு அதில் நஷ்டம் எதுவும் இல்லை, உங்களுக்குத்தான்.

வேலையில் சேரும்போது தரும் விண்ணப்பத்தில் "இதுவரை பார்த்த எல்லா வேலைகளும்" என்று கேட்டிருந்தால் இதையும் எழுதியே ஆக வேண்டும். அங்கே கையெழுத்துப் போடுகிறீர்கள்.

உங்கள் விஷயத்தில் நான் ரெஸ்யூமிலேயே போடச் சொல்வேன். நாலு வருடம் ஒரே இடத்தில் இருந்தவரை ஒரு குறுகிய வேலைக்காக யாரும் தாவுகிற ஆள் என்று சொல்ல மாட்டார்கள். இதே மாதிரி இன்னும் இரண்டு இருந்தால் என் பதில் வேறு. மாதம் போடாமல் வருடம் மட்டும் போட்டால், எதையோ மறைக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

திருப்பூர்க்காரன்:
ரொம்ப நன்றிக்கா. சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்து பார்த்தேன். இரண்டாவது கம்பெனியில் விலகிய தேதியே ஏறவில்லை, இன்னும் அங்கேயே வேலை பார்ப்பது மாதிரி காட்டுகிறது. அப்புறம், ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது?

கோவை எச்.ஆர்.:
முதலில் தேதியைச் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருப்பதாகத் தெரியும். கடைசிப் பி.எஃப். கட்டிய மாதம் கழிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டால் நீங்களே பி.எஃப். போர்ட்டலில் "மார்க் எக்ஸிட்" போய், ஆதாரோடு இணைந்த மொபைலுக்கு வரும் ஓ.டி.பி. கொடுத்துப் பதிவு செய்யலாம். ரிலீவிங் லெட்டரில் உள்ள அதே தேதியைப் போடுங்கள்.

ரெஸ்யூமில் ஒரே வரி போதும்: "பிப்ரவரி – ஏப்ரல், துணி ஃபாலோ-அப், டையிங் மற்றும் காம்பாக்டிங் யூனிட்டுகளுடன் ஒருங்கிணைப்பு". பையிங் ஹவுஸுக்கு ஷிப்மென்ட் எங்கே தாமதமாகிறது என்று தெரிந்த ஆள் தேவை, அதனால் இது உங்களுக்கு நல்லதுதான். ஏன் விட்டீர்கள் என்றால், "பையர் கையாளும் வேலை என்று சேர்ந்தேன், கிடைத்தது ஃபாலோ-அப். எனக்கு மெர்ச்சன்டைசிங்கில் தொடர வேண்டும்." அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய முதலாளியைக் குறை சொல்ல ஆரம்பித்தால் கேட்பவர் கவனம் அங்கே போய்விடும்.

பி.எஃப். பணத்தை எடுக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். ஐந்து வருட சர்வீஸ் ஆவதற்குள் எடுத்தால் வரி வரும். மாற்றினால் நாலு வருடமும் இந்த மூன்று மாதமும் அந்த ஐந்து வருடக் கணக்கில் சேரும். ஏப்ரல் சம்பளம் இந்த நிதியாண்டில் வருவதால் சேர்ந்தவுடன் வரிக் கணக்குக்காகப் புது கம்பெனி அக்கவுன்ட்ஸில் அதையும் சொல்லிவிடுங்கள்.