தாமான் நெகாரா பும்புனில் ஓர் இரவு: எலியைத் தவிர வேறு ஏதாவது கண்ணில் படுமா?

தேன்சிட்டு:
வணக்கம். ஜூன் மாதம் நானும் அப்பாவும் மலேசியாவின் தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்குப் போகிறோம், குவாலா தஹான் பக்கம். அப்பாவுக்கு 63. காட்டுப் பாதையில் நாலு கிலோமீட்டர் நடப்பார், அதற்கு மேல் வேண்டாம். பும்புனில் (மறைந்திருந்து விலங்கு பார்க்கும் காட்டுக் குடில்) ஓர் இரவு தங்கி தாப்பிர் (பன்றிபோல் உருவமும் குட்டித் தும்பிக்கையும் உள்ள கறுப்பு வெள்ளை விலங்கு) பார்க்க ஆசை. போய் வந்தவர்களில் பாதிப் பேர் "எலியைத்தான் பார்த்தோம்" என்கிறார்கள். எந்த பும்புன் நல்லது? டார்ச் எப்படி அடிப்பது? பைனாகுலர் 8x42, 7x50 இரண்டும் இருக்கின்றன. கேமராவுக்கு 300 எம்.எம். லென்ஸ் இருக்கிறது.

தெம்பிலிங்கரை:
தஹான் பும்புன், பூங்காத் தலைமையகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆள் நடமாட்டம் அதிகம், ராத்தங்கலுக்கு அது வேண்டாம். தாபிங் சுமார் 3 கி.மீ., நடந்தே போகலாம். ஆனால் தாப்பிர்தான் குறி என்றால் கும்பாங். தலைமையகத்திலிருந்து நடந்தால் 11 கி.மீ.க்குக் குறையாது, ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். அப்பாவோடு அது வேண்டாம். படகு பேசி தெம்பிலிங் ஆற்றில் மேலே குவாலா தெரெங்கான் வரை போய்விடுங்கள். அங்கிருந்து முக்கால் மணி நடைதான். மாலை 4 மணிக்குள் பும்புனுக்குள் இருக்க வேண்டும்.

பதிவு செய்யும்போது பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) கவுண்டரில் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஜெனுட்டைச் (பும்புனுக்கு எதிரே விலங்குகள் உப்புக்காக வரும் சேற்றிடம்) சுற்றிப் புல் வெட்டியிருக்கிறார்களா? அண்மையில் என்ன வந்தது? புல் இடுப்பளவு வளர்ந்திருந்தால், தாப்பிர் வந்து நின்றாலும் முதுகு மட்டும்தான் தெரியும். அப்படியென்றால் வேறு பும்புன் கேட்பதே மேல்.

இன்னொன்று. ஜெனுட்டில் இறங்கிக் கால்தடம் தேடாதீர்கள். செடிகொடியில் சோடியம் குறைவு, அந்த உப்புச் சேற்றுக்காகத்தான் விலங்குகள் வருகின்றன. அதே சேற்றில் உங்கள் வாசனையை விட்டுவிட்டு மேலே ஏறி உட்கார்ந்து என்ன பயன்? தாப்பிருக்குக் கண் மந்தம், மூக்கும் காதும் படு கூர்மை. தடத்தை ஜன்னலிலிருந்து பைனாகுலரில் பாருங்கள்: மூன்று விரல் அகட்டிப் பதிந்திருந்தால் தாப்பிர். முன்காலில் நாலு விரல் உண்டு, நாலாவது மெத்துச் சேற்றில்தான் பதியும்.

இருள்விழி:
டார்ச் பற்றி. ஹெட்லேம்ப்பை நெற்றியில் வைத்து ஜன்னலுக்குள்ளிருந்து அடித்தால் வெளிச்சம் சட்டத்தில் பட்டு உங்கள் கண்ணையே கூச வைக்கும். கையில் பிடிக்கும் டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். முனை ஜன்னலுக்கு வெளியே இருக்கட்டும், உங்கள் கண் டார்ச்சுக்கு நேர் பின்னால் இருக்கட்டும். விலங்கின் கண் வந்த வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். டார்ச்சை இடுப்பில் பிடித்தால் அந்த மினுக்கம் உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

10, 15 நிமிடத்துக்கு ஒரு முறை, இடமிருந்து வலமாக மெதுவாக ஒரே ஒரு வீச்சு. சிவப்புத் தாள் ஒட்டினால் விலங்குக்கு உறுத்தல் குறைவு. தரையில் ஊசிமுனை அளவில் மினுக்கினால் சிலந்தி, விட்டுவிடுங்கள். கிளையில் ஜோடியாக நகர்ந்தால் மரநாய். ஆள் நெஞ்சு உயரத்தில் பளிச்சென்று ஜோடிக் கண் நின்றால் ரூசா மான் (கடமான்). தாப்பிரைக் கண்ணை வைத்துத் தேடாதீர்கள். சேற்றில் தலை கவிழ்ந்திருப்பதால் கண் தெரியாது. கறுப்புத் தலையும் காலும் இருட்டில் கரைந்துபோக, நடுவில் வெள்ளைப் பாறை ஒன்று கிடப்பதுபோல் இருக்கும். மாலையில் இல்லாத பாறை இரவில் இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

பைனாகுலர்: 7x50 உங்களுக்கு, 8x42 அப்பாவுக்கு. அறுபதைத் தாண்டினால் இருட்டில் கண்மணி 5 மி.மீ. அளவுதான் விரியும் பெரும்பாலோருக்கு. 7x50 கொடுக்கும் 7 மி.மீ. (50-ஐ 7-ஆல் வகுத்தால் வருவது) ஒளிக்கற்றையில் பாதி அவருக்கு வீண். எடையும் கூடுதல்.

ரூசாகொம்பு:
சிவப்புத் தாள் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. சாதாரண டார்ச்சில் தாளை ஒட்டினால் 30 மீட்டர் தாண்டி ஒன்றும் தெரியாது, தூரத்து ஜெனுட்டுக்கு உதவாது. வெள்ளை ஒளியையே குறைந்த அளவில் வைத்து, வட்டத்தின் நடு விலங்கின் மேல் விழாமல் ஓரம் மட்டும் படும்படி அடியுங்கள். முகத்துக்கு நேரே அடித்தால்தான் ஓடும்.

கேமரா: பகல் வெளிச்சம் இருக்கும்போதே ஜெனுட்டின் விளிம்பில் ஃபோகஸ் வைத்து, ஆட்டோவை அணைத்து, வளையத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். இருட்டில் ஆட்டோ அலைந்துகொண்டே இருக்கும். பலகைத் தரையில் முக்காலி உதவாது, அப்பா புரண்டு படுத்தாலே படம் நடுங்கும். ஜன்னல் கட்டையில் துணிப்பை வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்க்கலாம். பைக்குள் அரிசி போடுவது வழக்கம். இங்கே போட்டால் விடிவதற்குள் எலி ஓட்டை போட்டுவிடும், பழைய துணியைத் திணியுங்கள். ஏர்கான் அறையிலிருந்து எடுத்துப்போகும் கேமராவை ஸிப் பையோடு அரைமணி விட்டுத் திறந்தால் லென்ஸ் வேர்க்காது.

தெம்பிலிங்கரை:
எலி என்றதும் நினைவு வருகிறது. சாப்பாட்டை மூடி இறுகிய டப்பாவில் போட்டுக் கூரைக் கட்டையிலிருந்து கயிற்றில் தொங்கவிடுங்கள். பிஸ்கட் பாக்கெட் பைக்குள் இருந்தால் பையையே கடித்துவிடும். சமைக்க வேண்டாம், நாசி லெமாக் பொட்டலம் போதும், இருட்டுவதற்குள் தின்றுவிடுங்கள். கொசுவர்த்தி, கோடாலித் தைலம், சிகரெட் மூன்றும் கூடாது. கொசுவலையும் முழுக்கைச் சட்டையும் போதும். நெகிழிப் பைச் சலசலப்பும் வெல்க்ரோ கிழிபடும் சத்தமும் பேச்சை விட மோசம், இரவில் தேவைப்படுவதை எல்லாம் முன்கூட்டியே வெளியே எடுத்து வையுங்கள். தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். வழியில் அட்டைக்குக் காலுறை.

தேன்சிட்டு:
மிக்க நன்றி. ஒரே ஒரு சிக்கல், அப்பா குறட்டை விடுவார். யானை வந்தால் என்ன செய்வது?

இருள்விழி:
ஜன்னலுக்கு எதிர்ச் சுவரோரக் கட்டில், ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் முறை மாறுங்கள். நள்ளிரவு முதல் நாலு வரை மட்டும் தொடர்ந்து நீங்களே விழித்திருப்பது நல்லது. இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் பத்து மணிக்கே இருவரும் தூங்கிவிடுவீர்கள்.

யானை வந்தால் டார்ச்சை அணையுங்கள். பேச்சு, ஃபிளாஷ், படி இறங்குவது எதுவும் கூடாது. அது போய் அரைமணி கழியும்வரை கழிப்பறைக்குக்கூட இறங்க வேண்டாம்.

படகுக்காரரை விடிந்ததும் வரச் சொல்லிவிடாதீர்கள். ஜூனில் ஏழு மணிக்குத்தான் வெளுக்கும். இரவெல்லாம் ஒன்றும் வராத ஜெனுட்டில் ஏழரைக்கு கேளையாடும் காட்டுக்கோழியும் வந்து நிற்கலாம், உங்கள் 300 லென்ஸுக்கு உருப்படியான வெளிச்சமும் அப்போதுதான். தெரெங்கானில் 10 மணி என்று பேசிக்கொள்ளுங்கள்.