என்எஸ்யூ ரோ 80: கம்பெனியை முடித்தது அந்த இன்ஜின்தானா?

திருகாணி:

ஆடி கார் கம்பெனியின் பழைய வரலாற்றைப் புரட்டினால் என்எஸ்யூ என்ற ஜெர்மன் கம்பெனியின் பெயர் ஒரு வரியில் வந்து ஒரு வரியில் போய்விடுகிறது. "பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் வான்கெல் (ரோட்டரி) இன்ஜின் போட்டு ரோ 80 என்று ஒரு கார் விட்டார்கள், இன்ஜின் மண்டையைப் போட்டது, கம்பெனி மூழ்கியது, ஃபோக்ஸ்வாகன் வாங்கிக்கொண்டது." எங்கே பார்த்தாலும் இதே கதைதான்.

எனக்கு மூன்று சந்தேகம். ஒன்று, இன்ஜினில் போனது சரியாக எந்தப் பாகம், ஏன் போனது? இரண்டு, 1968-இல் ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த கார் என்று விருது வாங்கிய வண்டி ஒரு கம்பெனியையே தின்றுவிட முடியுமா, வேறு காரணமும் உண்டா? மூன்று, இன்று ஜெர்மனியில் விற்பனைக்கு வரும் ஒரு ரோ 80-ஐப் பார்க்கப் போனால் பணம் கொடுக்கும் முன் இன்ஜினை எப்படிச் சோதிப்பது? "கேட்டுப் பார்த்தால் தெரியும்" என்ற பதில் வேண்டாம். தேய்ந்துபோன ரோட்டரியும் ஓடும்போது இனிமையாகத்தான் ஓடும்.

நெக்கார்க்கரை:

முதல் கேள்விக்கு. போனது முனை சீல். ரோட்டர் என்பது மூன்று முனை உள்ள, பக்கங்கள் உப்பிய முக்கோணம். அது நடுவில் இடுப்பு ஒடுங்கிய எட்டு வடிவ ஹவுசிங்குக்குள் (வெளி உறைக்குள்) உருண்டு சுற்றுகிறது. மூன்று முனைகளிலும் ஒவ்வொரு பட்டை, ஹவுசிங் சுவரை உரசியபடியே போகும். பிஸ்டன் ரிங் செய்யும் வேலைதான் அதற்கும். ஆனால் ரிங் சுவரைத் தொடும் கோணம் மாறாது. முனை சீலுக்கோ சுற்றுக்குச் சுற்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கோணம் மாறிக்கொண்டே இருக்கும்.

ரோ 80-இன் முதல் இன்ஜின்களில் ஒரு முனை சீல் மூன்று துண்டு. நடுவில் நீளமானது, இரு ஓரத்திலும் சிறியவை. மூன்றும் ஒரே பொருள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது நடுத்துண்டு மற்ற இரண்டையும் விட வேகமாகத் தேய்ந்தது. அது தேய்ந்ததும் ஓரத்துண்டுகளுக்கு அசைய இடம் கிடைத்தது. அசைந்த இடைவெளி வழியாக எரிந்த வாயு பக்கத்து அறைக்குப் பாய்ந்தது. கம்ப்ரஷன் விழுந்தது, ஸ்டார்ட் ஆவது கஷ்டமானது. 24,000 கிலோமீட்டரிலேயே அறிகுறி காட்டிய வண்டிகள் உண்டு. 1967, 68 மாடல்களில் 50,000 தாண்டும் முன்பே இன்ஜின் பிரிக்க வேண்டியவையும் இருந்தன.

தீர்வு சின்னது. நடுத்துண்டை மட்டும் ஃபெரோட்டிக் என்ற பொருளில் செய்தார்கள். டைட்டானியம் கார்பைடு துகள் கலந்த கடினமான எஃகு அது. 1970 மாடல் வரும்போது பெரும்பாலான கோளாறு தீர்ந்துவிட்டது. அதற்குள் பெயர் போய்விட்டது.

சுவரைக் குறை சொல்ல வேண்டாம். அலுமினிய ஹவுசிங்கின் உள்ளே நிக்கலில் சிலிக்கன் கார்பைடு துகள் பதித்த பூச்சு. மாலே நிறுவனம் 1967-இல் கொண்டுவந்த நிக்கசில் இதுதான். பின்னால் போர்ஷே உட்படப் பலர் சிலிண்டரில் அதையே பூசினார்கள். ரோ 80 விட்டுப் போன நல்ல சொத்து அது என்று தாராளமாகச் சொல்லலாம்.

வடிவத்திலேயே உள்ள இரண்டு சங்கடம் வேறு. பிஸ்டன் இன்ஜினில் வெடித்த அதே இடத்துக்குக் குளிர்ந்த கலவை வந்து ஆற்றும். இதில் வெடிப்பு எப்போதும் ஹவுசிங்கின் ஒரே பக்கத்தில், உறிஞ்சுவது எப்போதும் எதிர்ப்பக்கத்தில். ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் திண்ணை. ஹவுசிங் சீராக விரியாது, ஸ்பார்க் பிளக்குக்கும் ஓய்வில்லை. சூட்டு அளவு பொருந்தாத பிளக்கைப் போட்டால் தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும்; அந்த அடி நேராகச் சீலின் தலையில் விழும்.

இரண்டாவது, என்எஸ்யூ உறிஞ்சும் துவாரத்தை ஹவுசிங்கின் சுற்றுச்சுவரில் வைத்தது. வேகத்தில் நன்றாக மூச்சு விடும். ஐட்லிங்கிலும், ஆக்சிலரேட்டரை விடும்போதும் துள்ளும், இழுக்கும். மஸ்டா அதை ஹவுசிங்கின் பக்கவாட்டை மூடும் பக்கத்தட்டுக்கு மாற்றியதன் ஒரு காரணம் இதுதான். என்எஸ்யூ அந்தத் துள்ளலை மறைக்க, எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வைத்தது. கிளட்ச் பெடல் கிடையாது, மூன்று கியர், கியர் குமிழைத் தொட்டாலே ஒரு ஸ்விட்ச் வழியாக வேக்குவத்தில் கிளட்ச் விலகும்.

கொல்லும் இடம் இங்கேதான். கையைக் குமிழின் மேல் வைத்தபடியே ஓட்டும் பழக்கம் உள்ளவர் கிளட்சை விலக்கிக்கொண்டே இருப்பார். பாரம் இல்லாத ரோட்டரி நிமிடத்துக்கு 6,500 சுற்றைத் தாண்டுவதற்கு ஒரு நொடி போதும். அதிர்வு இல்லை, அலறல் இல்லை, அதனால் காதுக்கும் தெரியாது. எச்சரிக்கும் பஸ்ஸர் பின்னால்தான் வந்தது.

பழையஇரும்பு:

எல்லாம் சரி. "கம்பெனி மூழ்கியது" என்ற வரியில்தான் எனக்குச் சண்டை.

என்எஸ்யூ ஒரு காரில் பிழைத்த கம்பெனி அல்ல. 1873-இல் பின்னல் இயந்திரம் செய்யத் தொடங்கியது, 1880-இல் நெக்கார்சுல்முக்கு இடம் பெயர்ந்தது. பெயரே அந்த ஊர்ப்பெயரிலிருந்து பிடுங்கிய மூன்று எழுத்து. சைக்கிள், 1901-இல் மோட்டார் சைக்கிள், பிறகு கார். இடையில் கார் தொழிலை விட்டு, பக்கத்து ஊரான ஹைல்பிரானில் இருந்த ஆலையை ஃபியட்டிடம் கொடுத்தார்கள். 1950-களின் நடுவில் உலகிலேயே அதிக மோட்டார் சைக்கிள் செய்தவர்கள் இவர்கள். குவிக்லி மொபெட் மட்டுமே பத்து லட்சத்துக்கு மேல். லாம்பிரட்டாவைக்கூட 1950-இலிருந்து சில வருடம் உரிமம் வாங்கிச் செய்தார்கள். நம்மூரில் லாம்பி ஓட்டியவர்களுக்கு இது ஒரு தூரத்து உறவு.

மோட்டார் சைக்கிள் சந்தை சரிந்ததும் 1957-இல் பிரின்ஸ் என்ற குட்டிக் காரைக் காட்டினார்கள். பின்னால் இன்ஜின், காற்றால் குளிரும் இரண்டு சிலிண்டர், 600 சிசிக்குச் சற்றுக் குறைவு. வான்கெல் சோதனை இன்ஜின் முதன்முதலில் ஓடியதும் அதே வருடம். பெலிக்ஸ் வான்கெல் நினைத்தபடி ஹவுசிங்கும் சேர்ந்து சுழலும் வடிவம் அது. ஹவுசிங் அசையாமல் ரோட்டர் மட்டும் உருளும் வடிவத்தை உருவாக்கியவர் என்எஸ்யூவின் பொறியாளர் ஹன்ஸ் டீட்டர் பாஷ்கே. ரோடு ஏறியது அவருடையதுதான், பெயர் மட்டும் மற்றவருக்கு.

ரோ 80-தான் முதல் ரோட்டரி கார் என்று எழுதுகிறார்களே, அதுவும் தப்பு. 1964-இல் ஸ்பைடர் வந்துவிட்டது: ஒரு ரோட்டர், 50 குதிரைத்திறன், சுமார் 2,400 வண்டி. முதல் இரட்டை ரோட்டர் கார் என்றாலும் சில மாத வித்தியாசத்தில் மஸ்டா காஸ்மோ முந்திக்கொண்டது.

பிறகு 1967 ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் ரோ 80. 995 சிசி, 115 குதிரைத்திறன், 180 கிலோமீட்டர் வேகம், காற்றுத்தடைக் கெழு 0.355, விலை 14,150 மார்க். குட்டிக் கார் விற்றுச் சம்பாதித்த கம்பெனி ஒரே தாவலில் மெர்சிடிஸ் வாங்குகிறவரிடம் போய் நின்றது. நான் குறை சொல்வது இந்தத் தாவலைத்தான். ஒர்க்ஷாப்காரர்கள் அதுவரை பார்த்தது பிரின்ஸ். ரோட்டரி கையில் வந்ததும் கார்பரேட்டர் கோளாறா, இக்னிஷன் பாயின்ட் தேய்மானமா, சீலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வாரண்டி தாராளம் என்பதால் இன்ஜினையே கழற்றி அனுப்பினார்கள். நல்ல இன்ஜின்களும் சேர்ந்தே போயின. எதிரெதிரே வரும் இரண்டு ரோ 80-காரர்கள் கையசைக்காமல், இதுவரை மாற்றிய இன்ஜின் எத்தனை என்று விரலைக் காட்டிக்கொள்வார்கள் என்ற ஜோக் அப்போது பிறந்ததுதான்.

அதே சமயம் கே70 என்ற சாதாரணத் தண்ணீர்க் குளிர்ச்சி, முன்சக்கர ஓட்டக் காரைத் தயாரித்து வைத்திருந்தார்கள். பணம் கொண்டுவர வேண்டிய வண்டி அதுதான். 1969 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சிக்கு வரவேண்டியது கடைசி நேரத்தில் இழுத்துக்கொள்ளப்பட்டது. அதே மாதம் ஃபோக்ஸ்வாகன் குடையின் கீழ் ஆடியோடு இணைப்பு. 1970-இல் கே70 வந்தது, மூக்கில் ஃபோக்ஸ்வாகன் முத்திரையோடு. வாரண்டிச் செலவு கம்பெனியைப் பலவீனப்படுத்தியது உண்மை. ஆனால் கடன் கொடுத்தவர் வாசலில் நின்று மூடிய கடை அல்ல இது. கையில் காப்புரிமை, தயாராக ஒரு கார், ஒரு ஆலை எல்லாம் இருந்தன. தனியாக நிற்கும் அளவு பெரிதாக இல்லை, அவ்வளவுதான். காப்புரிமைக்கு மதிப்பே இல்லை என்றால் 1970-இல் ஜெனரல் மோட்டார்ஸ் 5 கோடி டாலருக்கு உரிமம் பேசியிருக்குமா? இணைப்பின்போது பழைய பங்குதாரர்கள் அந்த உரிம வருமானத்தில் பங்கு கேட்டுத் தனிப் பத்திரம் வாங்கிக்கொண்டார்கள்.

ரோ 80 அதற்குப் பிறகும் 1977 வரை வந்தது, மொத்தம் சுமார் 37,400. நூறு கிலோமீட்டருக்கு 13 முதல் 18 லிட்டர் குடிக்கும் வண்டிக்கு 1973 எண்ணெய் நெருக்கடி என்ன செய்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1975-இல் நெக்கார்சுல்ம் ஆலையையே மூடும் பேச்சு வந்து, தொழிலாளர்கள் ஹைல்பிரானுக்கு ஊர்வலம் போனார்கள். ஆலை பிழைத்தது, போர்ஷே 924 அங்கேதான் உருவானது. என்எஸ்யூ என்ற எழுத்து கம்பெனிப் பெயரிலிருந்து போனது 1985-இல்தான்.

கைச்சாவி:

மூன்றாவது கேள்விக்கு நான்.

பிஸ்டன் இன்ஜினுக்கு வைத்திருக்கும் கம்ப்ரஷன் கேஜை அப்படியே மாட்டினால் ஏமாந்து போவீர்கள். அதன் நுனியில் டயர் வால்வு பின் போல ஒன்று இருக்கும். அது கிடைத்த அதிகபட்ச அழுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு ரோட்டரைச் சுற்றி மூன்று அறை. இரண்டு செத்து ஒன்று மட்டும் நன்றாக இருந்தாலும் கேஜ் அந்த நல்லதைத்தான் காட்டும். பின்னைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள், அல்லது மூன்று அறையையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி கேஜ் வாங்குங்கள்.

இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். பேட்டரி முழு சார்ஜ். இக்னிஷனைத் துண்டித்து, ஒரு பிளக்கைக் கழற்றிக் கேஜை மாட்டுங்கள். ரோட்டருக்கு இரண்டு பிளக் உள்ள ஆரம்பகால வண்டியானால் அதே ரோட்டரின் மற்ற பிளக் இடத்திலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் காற்று அந்த ஓட்டை வழியே போய்விடும். ஆக்சிலரேட்டரைத் தரைவரை அழுத்தி ஐந்தாறு நொடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். முள் துள்ளும். துள்ளலை மும்மூன்றாக எண்ணுங்கள். மூன்றும் ஒரே உயரமா என்பதுதான் கேள்வி.

அடுத்தடுத்த இரண்டு துள்ளல் குறைவு, ஒன்று சரி என்றால் முனை சீல். ஒரு முனை இரண்டு அறைக்கும் பொதுச்சுவர் என்பதால் இரண்டும் சேர்ந்தே விழும். ஒன்று மட்டும் குறைந்தால் ரோட்டரின் பக்கவாட்டில் உள்ள பக்க சீலைச் சந்தேகியுங்கள். மூன்றும் சமமாகக் குறைவு என்றால் பொதுவான தேய்மானம், அல்லது ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றுகிறது. பிறகு அடுத்த ரோட்டர்.

நீங்கள் போகும்போதே இன்ஜின் சூடாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் இதன் குட்டு வெளிப்படும். "நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்" என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்ஜின் ஆயில் குறைவது கோளாறல்ல. சீலுக்கு எண்ணெய் ஊட்ட ஒரு சின்ன பம்ப் கார்பரேட்டர் வழியாக ஆயிலைக் கலக்கிறது. குறையவே இல்லை என்று விற்பவர் பெருமைப்பட்டால்தான் பம்ப்பைப் பார்க்க வேண்டும்.

கியர் குமிழை மெல்லத் தொட்டுப் பாருங்கள். கிளட்ச் தாமதமாக விலகினாலோ கியர் கரகரத்தாலோ குமிழ் ஸ்விட்ச், வேக்குவக் குழாய், டயாஃப்ரம் என்ற வரிசையில் தேடுங்கள். முன் டிஸ்க் பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர்பாக்ஸை ஒட்டி உள்ளே இருக்கிறது. டிஸ்க் மாற்ற ஆக்சில் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும், அந்தக் கூலியையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். துரு என்றால் கதவுக்குக் கீழ் ஓடும் சில், கதவின் அடிவிளிம்பு, முன் ஃபெண்டர்.

திருகாணி:

மூவருக்கும் நன்றி. இரண்டு சின்னக் கேள்வி. வண்டி 1968 மாடல் என்றால் பழைய சீல் என்றே எடுத்துக்கொள்ளலாமா? கேஜ் மூன்று துள்ளலையும் குறைவாகக் காட்டி, ஸ்டார்ட்டரும் நன்றாகச் சுற்றினால் இன்ஜின் போச்சு என்று எழுந்து வந்துவிடலாமா?

நெக்கார்க்கரை:

முதலாவதற்கு, கூடாது. 1968 வண்டிகளில் வாரண்டியில் இன்ஜின் மாறியவை ஏராளம். பாடி வயதும் இன்ஜின் வயதும் ஒன்றல்ல. கடைசியாகப் பிரித்த பில்லைக் கேளுங்கள். சீல் எந்தப் பொருள் என்று அதில் இருந்தால் நல்லது.

கைச்சாவி:

இரண்டாவதற்கு, அவசரப்பட வேண்டாம். வண்டியை ஷெட்டிலிருந்து பத்தடி வெளியே எடுத்து உடனே அணைத்திருந்தால் எரியாத பெட்ரோல் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். சீலுக்கும் சுவருக்கும் நடுவே படலம் இல்லையென்றால் நல்ல இன்ஜினும் குறைவாகத்தான் காட்டும். பிளக் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். நனைந்திருந்தால் துடைத்துக் காயவைத்து, பிளக் ஓட்டை வழியாக ரோட்டருக்கு ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, பிளக் இல்லாமலே சில நொடி சுற்றுங்கள். பிறகு பிளக் மாட்டி ஸ்டார்ட் செய்து, நீலப்புகை அடங்கும்வரை ஓடவிட்டு, சூடானதும் மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் குறைவு என்றால் எழுந்து வரலாம்.

பழையஇரும்பு:

விலை மலிவாக ஒன்று கண்ணில் பட்டால் பானட்டைத் திறந்து பாருங்கள், உள்ளே ஃபோர்டின் வி4 என்ற நாலு சிலிண்டர் பிஸ்டன் இன்ஜின் உட்கார்ந்திருக்கலாம். இன்ஜின் மாற்றி அலுத்தவர்கள் ஒரு காலத்தில் அதைத்தான் பொருத்தினார்கள். நீளம் குறைவு, முன் அச்சுக்கு முன்னால் உள்ள இடத்தில் அடங்கிவிடும். ஓடும். ஆனால் அந்தக் காரின் அமைதிக்குள் அது அரவை மில் மாதிரி. அப்படிப்பட்டதை வாங்குவதானால் பழைய ரோட்டரியின் ஹவுசிங்கும் பக்கத்தட்டுகளும் டிக்கியிலோ ஷெட்டிலோ கிடக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கீறல் விழாத ஹவுசிங் ஒரு ஜோடி கிடைத்தால் பேரத்தை அங்கிருந்து தொடங்கலாம்.