ஸ்பீட் பேக் எந்த சைஸில் வாங்கலாம்?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஒரு பழைய வலைக் கொட்டிலைத் துப்புரவாக்கி, பெடியளுக்கு குத்துச்சண்டை பழக்குகிறோம். குத்துமூட்டை இருக்கிறது. இனி ஸ்பீட் பேக், அதாவது மேல் பலகைக்குக் கீழே தொங்கவிட்டு வேகமாகக் குத்திப் பழகும் காற்றடைத்த சின்னத் தோல் பை ஒன்று, கொழும்பில் இருந்து எடுப்பிக்க வேண்டும். சைஸில்தான் குழப்பம்.

10க்கு 7 அங்குலம் மாதிரிப் பெரியது மெதுவாகத் திரும்பும். தோளுக்கு நல்ல வேலை, தாளமும் லேசாகப் பிடிபடும். 7க்கு 4 அங்குலச் சின்னது கண்ணிமைக்க முதல் முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும். அது கை பழகியவர்களுக்குத்தான் சரி. ஒரே சைஸிலும் தோல் தடிப்பென்றால் பாரம் கூடி வேகம் குறையும். காற்றை இறுக்கினால் வேகம் கூடும்.

அப்படியென்றால் 9க்கு 6இல் ஒன்றை வாங்கி, புதுப் பெடியளுக்குக் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டுச் சமாளிக்கலாமா? இல்லை, இரண்டு சைஸ் வாங்குவதுதான் புத்தியா? காசு ஒன்றுக்குத்தான் காணும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று, உயரம். பேக்கின் அகலமான இடம் அடிப்பவரின் வாய், நாடி மட்டத்தில் வர வேண்டும். எங்களிடம் பள்ளிக்கூடப் பிள்ளையும் உண்டு, ஆறடி ஆளும் உண்டு. மேல் பலகையை ஏற்றி இறக்கும்படி யாராவது உள்ளூரில் வெல்டிங் செய்து பூட்டியிருந்தால் படம் போடுங்கள்.

கடற்காற்றில் இங்கே கதவுப் பிணைச்சலே துருப்பிடித்துவிடுகிறது. பேக் தொங்கும் சுழல் கொளுக்கிக்கு என்ன பூசுகிறீர்கள்? தோல் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க ஏதும் வழி?